எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைப்பதை ஏற்பதா, எதிர்ப்பதா?

ஊரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகிய நான்கு நகராட்சிகளும் 2024ஆம் ஆண்டில் மாநகராட்சிகளாகத் தரம் உயர்ந்தன. அவற்றுள் ஒன்றின் எல்லையை ஒட்டியிருக்கும் ஊராட்சியில் நான் வசிக்கிறேன். எங்கள் ஊரும் இணைப்புப் பட்டியலில் இருக்கிறது. 2019 டிசம்பரில் நாங்கள் தேர்ந்தெடுத்த தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் இந்த 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இப்போது தனி அலுவலர்தான் நிருவாகத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஜனவரி 26ஆம் தேதி கிராம சபை கூடும்போது இணைப்பைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று ஊரில் பேச்சு நடக்கிறது.

புறவழிச் சாலை ஓரம் மனை வாங்கிப் போட்டவர்களும் கடைக்காரர்களும் இணைப்பை வரவேற்கிறார்கள். 100 நாள் வேலைக்குப் போகும் பெண்கள், மாடு வைத்திருப்பவர்கள், ஊரணித் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் எதிர்க்கிறார்கள். இரு தரப்பும் முழக்கமாகவே பேசுவதால், வரி எவ்வளவு கூடும், எந்தத் திட்டம் போகும், எது வரும், யார் முடிவெடுப்பார்கள் என்ற கேள்விகளுக்கு ஊரில் ஒருவரிடமும் தெளிவான பதில் இல்லை. விவரம் அறிந்தவர்கள் இங்கே எழுதினால் கிராம சபைக்கு முன் அதை ஊரில் படித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன்.

கிழக்குச்சாலை

நான் இருப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநகராட்சியோடு இணைந்த பகுதி. ஊரின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இணைந்த மறு அரையாண்டே வரி கேட்பு அறிவிப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. பாதாளச் சாக்கடைக் குழாய் எங்கள் தெருவுக்கு வர அதன்பின் பத்து ஆண்டுகள் ஆயின. அதுவரை பழைய ஊராட்சி போட்ட திறந்த வாய்க்கால்தான், அதைத் தூர்வாரத்தான் ஆள் இல்லை. ஊராட்சியாக இருந்தபோது தலைவரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து வேலை முடியும்வரை நகரமாட்டோம். இப்போது மண்டல அலுவலகத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும்.

ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். என் மனையின் மதிப்பு உயர்ந்திருக்கிறது, தெருவில் எல்.இ.டி. விளக்கு எரிகிறது, குப்பை வண்டி தினமும் வருகிறது. ஊராட்சிக் காலத்தில் குப்பையைக் கண்மாய்க் கரையில்தான் கொட்டினோம். ஆகவே எதிர்க்கச் சொல்லவில்லை. எது எப்போது வரும் என்று எழுத்தில் வாங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டா என்கிறேன்.

களத்துமேடு

நான் ஐந்து ஆண்டுகள் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவள். எங்கள் ஊரும் பட்டியலில் இருக்கிறது. இணைப்பை எதிர்க்கிறேன், காரணங்களைச் சொல்கிறேன்.

ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் 319 ரூபாய். முழு 100 நாளும் கிடைத்து முழுக் கூலியும் வந்தால் ஒரு குடும்பத்துக்கு 31,900 ரூபாய். முழு நாளும் கிடைப்பதில்லை, கூலியும் தாமதமாகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் எங்கள் வார்டில் கணவனை இழந்த பெண்களுக்கும் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் தம் பெயரில் வங்கிக் கணக்கில் வரும் பணம் அது ஒன்றுதான். மாநகராட்சி ஆன நாளிலிருந்து அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் ஊரகப் பகுதிக்கு உரியது. நகரத்துக்கும் ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அது 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் சில மண்டலங்களிலும் சில ஊர்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கியது. சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமையையும் முன்னோட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

இரண்டாவது காரணம் கிராம சபை. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதன் உறுப்பினர். எங்கள் ஊரில் நூலகத்தை அடுத்த வேப்பமரத்தடியில் ஒரு முறை செயலர் வரவு செலவு வாசித்தார். மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு ஒரே ஆண்டில் மூன்று முறை வந்தது. மாடு மேய்க்கும் ஒரு மூதாட்டி எழுந்து, "மோட்டார் ஓடிய நாளைவிடக் காயில் கட்டிய நாள்தான் அதிகமாக இருக்கிறது, அந்தப் பில்லைக் காட்டுங்கள்" என்றார். செயலர் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பை எடுத்து வரும்வரை கூட்டம் கலையவில்லை. அடுத்த மாதமே புது மோட்டார் வாங்கினோம். மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் அந்த மூதாட்டி பார்வையாளர் மாடத்தில்கூட வாயைத் திறக்க முடியாது.

தெற்குத்தெரு

களத்துமேடு அம்மா வருணிக்கும் வேப்பமரத்தடி எல்லா ஊரிலும் எல்லாருக்கும் நிழல் தருவதில்லை. கிராமத்தை மெச்சி எழுதுகிறவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2006இல்தான் நடந்தது. மேலவளவில் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். இவையெல்லாம் ஊராட்சி என்ற அமைப்புக்குள் நடந்தவை. எங்கள் ஊரில் இன்றும் குடிநீர்க் குழாய் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும், எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்பதை வரைபடம் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. கிராம சபையில் எங்கள் பெண்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். மறுநாள் அதே ஆளிடம் கூலி வேலைக்குப் போக வேண்டுமே.

மாநகராட்சியில் குழாய் இணைப்புக்கு விண்ணப்பம், வைப்புத்தொகை, வரிசை எண் என்று ஏதோ ஒன்று இருக்கும். அதிகாரி லஞ்சம் கேட்கலாம், இழுத்தடிக்கலாம், ஆனால் நான் எந்தத் தெரு என்று கேட்டு முகம் சுளிப்பது குறையும். பெரிய ஊரோடு கலந்தால் உள்ளூர்ப் பெரிய வீட்டின் பிடி தளரும் என்பதால் நான் இணைப்பை ஆதரிக்கிறேன்.

களத்துமேடு

தெற்குத்தெரு சகோதரர் எழுதிய எதையும் மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் வெளியே போகும். ஒதுக்கீட்டில் அந்தப் பதவிக்கு வரும் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணின் கையில், எத்தனை தடை இருந்தாலும், சட்டம் தந்த அதிகாரம் இருக்கிறது. இணைந்தபின் எங்கள் ஊர் முழுவதும் ஒரு வார்டாகவோ, பாதி வார்டாகவோ ஆகும். அங்கிருந்து போகும் கவுன்சிலர் பல பத்துப் பேரில் ஒருவர். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், கோப்பில் ஆணையர் கையெழுத்திடுகிறார். உங்கள் தெருவிலிருந்து ஒருவர் தலைவராக அமரும் நாற்காலியே இல்லாமல் போவதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

தெற்குத்தெரு

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரைத் தரையில் உட்கார வைத்த செய்திகளையும் படித்திருக்கிறோம், அம்மா. நாற்காலி போவது இழப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு அது சுழற்சியில் எப்போதோ ஒரு முறை வருவது, தண்ணீர் தினமும் வேண்டியது. வார்டு ஒதுக்கீடு நகர்ப்புறத்திலும் உண்டு, பெண்களுக்கு 50 விழுக்காடும் உண்டு.

நெறியாளர்

மேயர் தேர்வு முறையை ஒட்டி இரு கட்சிகளைத் தாக்கி வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இணைப்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நான் நகராட்சி நிருவாகத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன், சற்று நீளும்.

முதலில் சட்டம். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் 243க்யூ பிரிவு, ஊரகத்திலிருந்து நகரமாக மாறிவரும் பகுதிக்குப் பேரூராட்சி, சிறு நகர்ப்புறத்துக்கு நகராட்சி, பெரு நகர்ப்புறத்துக்கு மாநகராட்சி என மூன்று அடுக்கு வைக்கிறது. மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சியின் வருவாய், வேளாண்மை அல்லாத வேலையில் இருப்போரின் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்த்து ஆளுநர், அதாவது மாநில அரசு, அறிவிக்கும். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. முதல் அறிவிக்கை வரும், ஆட்சேபம் கேட்பார்கள், பிறகு இறுதி அறிவிக்கை வரும். கிராம சபைத் தீர்மானம் அந்த ஆட்சேபக் கோப்பில் ஒரு தாளாகச் சேரும். அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் ஆட்சேபம் தெரிவித்ததற்கு அது ஆவணம்.

அரசின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 5,000 பேருக்கு மேல் மக்கள், சதுரக் கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, வேலை செய்யும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்றும் பொருந்தும் ஊரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரம் என்றே எண்ணுகிறது, அதன் நிருவாகம் ஊராட்சியாக இருந்தாலும். தமிழ்நாட்டில் இத்தகைய ஊர்கள் 2001இல் 111, 2011இல் 376. இவ்வூர்களில் அடுக்குமாடி வந்துவிடும். கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டால் ஊராட்சியிடம் பதில் இராது. ஒரு பொறியாளர்கூட இல்லாத அலுவலகம் பாதாளச் சாக்கடை போட முடியாது. களத்துமேடு அம்மையார் இதற்கும் விடை சொல்ல வேண்டும்.

ஆனால் பலகையை மாற்றுவதால் மட்டும் ஊர் மாறிவிடாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2004இல் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று அரசு மாற்றியது. ஊரகத் திட்ட நிதியைப் பெறுவதற்கு அது வழி. 2006இல் மறுபடியும் பேரூராட்சிகள் ஆக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் ஊர்களின் தன்மை மாறியிருக்கவில்லை, எந்தப் பையிலிருந்து பணம் வரும் என்பதுதான் மாறியது. இப்போதும் ஒன்றிய நிதிக்குழு மானியம் ஊரகத்துக்குத் தனி, நகரத்துக்குத் தனி. குடிநீர்த் திட்டங்களிலும் ஜல் ஜீவன் ஊரகத்துக்கு, அம்ருத் நகரத்துக்கு. இணைந்தால் ஒரு வாசல் அடைபடும், இன்னொன்று திறக்கும். திறந்த வாசலில் உங்களுக்கு முன்னே ஏற்கெனவே பழைய நகரின் வார்டுகள் வரிசையில் நிற்கும். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, மதுரை ஏறத்தாழ 52இலிருந்து 148 ஆனது. அவ்வளவு பரப்புக்குக் குழாய் பதிக்கும் பணம் அந்த ஆண்டே யாரிடமும் இருந்ததில்லை. கிழக்குச்சாலை நண்பர் பத்து ஆண்டு காத்திருந்தது வியப்பில்லை.

வரி. 2022இல் நகர்ப்புறச் சொத்துவரி சீராய்வில், சென்னையின் பழைய பகுதி தவிர்த்த இடங்களில், 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடும் 1,800 சதுர அடிக்கு மேல் 100 விழுக்காடும் உயர்ந்தன. ஊராட்சி வீட்டு வரியோடு ஒப்பிட்டால் இந்த விகிதங்களின் அடிப்படையே வேறு. மண்டலம் பிரித்து அடிப்படை மதிப்பு வைப்பார்கள், அங்கேதான் உங்கள் வரி தீர்மானமாகிறது. வரி கூடும் என்று கூச்சலிடுவதைவிட, உங்கள் ஊரை எந்த மண்டலத்தில் வைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். அடுத்து, பலரும் மறந்துவிடும் காலி மனை வரி. மனை வாங்கிப் போட்டவர்கள் இணைப்பை வரவேற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வீடு கட்ட வரைபட அனுமதிக்குப் போகும் அன்று, முந்தைய ஆண்டுகளின் காலி மனை வரியைச் சேர்த்துக் கேட்கும்போது அவர்களில் பாதிப்பேர் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி கிடைக்கிறது, ஊராட்சியானாலும் மாநகராட்சியானாலும். அந்த வசதிக்காக இணைய வேண்டியதில்லை. கட்டணம்தான் மாநகராட்சியில் கணிசமாக அதிகம்.

கிராம சபைக்கு ஈடாக, வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்வார்கள். 2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் பகுதி சபைகள் கூடின. நல்ல தொடக்கம்தான். ஆனால் பகுதி சபையின் பிரதிநிதிகளை நியமிக்கிறார்கள், தலைமை கவுன்சிலருக்கு. வரவு செலவை வாசித்து ஒப்புதல் வாங்கும் கட்டாயம் கிராம சபையில் இருப்பதைப்போல் அங்கே வேர்விடவில்லை. இன்னொன்று, ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, மாநகராட்சித் தேர்தலில் உண்டு. உங்கள் கவுன்சிலர் மன்றத்தில் கையைத் தூக்குவது கட்சி சொல்லும் பக்கமாகத்தான்.

பாஸ்டன்பக்கம்

வாக்கெடுப்பு இல்லை என்பதைப் படித்தபோது எழுதத் தோன்றியது. நான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே ஊர்க்கூட்டம் ஆளும் ஊரை டவுன் என்பார்கள். ஒரு டவுன், மன்றம் ஆளும் நகரமாவதா வேண்டாமா என்பதை அவ்வூர் வாக்காளர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். 15 விழுக்காட்டு வாக்காளர்கள் கையெழுத்திட்டால், ஊரின் ஆட்சிமுறையை எழுதும் சாசனக் குழு அமைப்பதா என்று ஒரு வாக்கெடுப்பு. அதே நாளில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் மேயர் இருப்பாரா, மன்றத்தில் எத்தனை பேர், வரவு செலவை யார் தயாரிப்பார் என்று முழுச் சாசனத்தையும் எழுதிய பிறகு, அதன்மேல் மறுபடியும் வாக்கெடுப்பு. 12,000 பேருக்குக் குறைந்த ஊர் நகரமாக முடியாது.

ஃபிரேமிங்காம் என்ற ஊர் 1700 முதல் டவுனாக இருந்தது. ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த ஊரின் சட்டங்களை 216 பேர் கொண்ட ஊர்க்கூட்டம் இயற்றியது. 2017 ஏப்ரலில் நகரச் சாசனம் வாக்கெடுப்புக்கு வந்தது. பதினோராயிரம் பேருக்கு மேல் வாக்களித்து, நூற்றுச் சொச்சம் வாக்குகளில்தான் நிறைவேறியது. மறு எண்ணிக்கையும் நடந்தது. 2018 ஜனவரி 1 முதல் மேயரும் 11 பேர் மன்றமும் ஆள்கிறார்கள். ஆம்ஹர்ஸ்ட் மக்கள் 2003இலும் 2005இலும் மறுத்துவிட்டு 2018இல் ஏற்றார்கள், அதுவும் மேயர் வேண்டா, 13 பேர் மன்றம் போதும் என்று. புரூக்ளைனில் 60,000 பேருக்கு மேல் இருந்தும் இன்னும் டவுன்தான்.

அவ்வூர்களில் நடந்த வாதங்கள் நீங்கள் இந்த இழையில் எழுதுபவையேதான்: ஊர்க்கூட்டம் மெதுவானது, ஓய்வுபெற்றவர்கள்தாம் வருகிறார்கள், வேலைக்குப் போகிறவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் இல்லை என்று ஒரு தரப்பு, மேயர் கையில் எல்லாம் குவியும் என்று மறு தரப்பு. ஒரு வேறுபாடு முக்கியம். சொத்துவரி மொத்தம் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது, உயர்த்த வேண்டுமானால் வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்று 1980இலேயே மாநிலம் முழுமைக்கும் சட்டம் வந்துவிட்டதால், நகரமானால் வரி ஏறும் என்ற அச்சத்துக்கு இம்மாநிலத்தில் இடம் குறைவு.

கிழக்குச்சாலை

அங்கே 15 விழுக்காடு கையெழுத்து. இங்கே பட்டியலில் நம் ஊர் இருப்பதையே நாளிதழ் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஊரணிக்கரை

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். இணைப்பைத் தடுக்க முடியாது என்றே நான் கணிக்கிறேன். அறிவிக்கை வந்துவிட்டது, மாநிலம் முழுக்க 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள் என்று வரிசையாக வருகிறது. அப்படியானால் எதிர்ப்போம் என்று ஒற்றை வரித் தீர்மானம் போட்டு அனுப்புவதால் பயன் இருக்குமா?

களத்துமேடு

ஒற்றை வரியாகவே இருந்தாலும் எதிர்ப்பு பதிவாக வேண்டும். நிபந்தனை வைத்தால் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மையாரின் ஐயம் நியாயமானது. ஆகவே தீர்மானத்தை இரண்டு பகுதியாக எழுதுங்கள். முதற்பகுதியில் இந்த ஊராட்சி இணைப்பை ஏற்கவில்லை என்று காரணத்தோடு எழுதுங்கள்: வேளாண்மையில் எத்தனை குடும்பம், வேலை அட்டை எத்தனை, கடந்த ஆண்டு எத்தனை நாள் வேலை நடந்தது. இந்த எண்கள் ஊராட்சி அலுவலகத்திலேயே இருக்கின்றன. இரண்டாம் பகுதியை "மேற்கண்ட ஆட்சேபத்துக்குப் பங்கமின்றி" என்ற சொற்றொடரோடு தொடங்கி, இணைப்பு நிகழும் நிலையில் என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். அடிப்படை வசதி வரும்வரை வரி உயர்வைத் தள்ளிவைப்பது, உங்கள் ஊரைப் பிரிக்காமல் ஒரே வார்டாக வைப்பது, வரி வசூலுக்கும் பிறப்பு இறப்புப் பதிவுக்கும் இப்போதைய ஊராட்சி அலுவலகத்திலேயே ஒரு மையம் நடத்துவது, நகர்ப்புற வேலைத் திட்டத்தில் உங்கள் ஊரைச் சேர்ப்பது. தெற்குத்தெரு நண்பர் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள்: எந்தத் தெருவில் வீட்டுக் குழாய் இல்லையோ அந்தத் தெருவின் பெயரை எழுதி, முதல் ஆண்டுப் பணியில் அதை முன்வைக்கச் சொல்லுங்கள்.

தீர்மானத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இணைப்பு நாளில் ஊராட்சியின் சொத்தெல்லாம் மாநகராட்சிக்குப் போகும். சொத்துப் பதிவேட்டில் இல்லாதது எதுவும் கைமாறியதாகவே தெரியாது. ஊரணி, வரத்து வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, நெல் களம், சுடுகாட்டுப் பாதை, நூலகக் கட்டடம், மேல்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, மோட்டாரின் குதிரைத்திறன் வரை புல எண்ணோடும் பரப்போடும் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாதவற்றை ஏற்றச் சொல்லி மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகையின் நகல் ஒன்று நூலகத்தில் இருக்கட்டும்.

தெற்குத்தெரு

சுடுகாட்டுப் பாதை இரண்டு, ஐயா. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஊரணிக்கரை

எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை தனி அலுவலரிடம் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு மனுக் கொடுக்கிறேன். பார்த்தபின் விடுபட்டவற்றை இங்கே பதிவிடுகிறேன்.